அடைத்த துளை

எல்லாம் ஒரு மாட்டில்தான் தொடங்கியது. பின்னேரமானால் நிலாவெளி வீதியில் மாடுகள் தார் ரோட்டில் வந்து படுக்கும். வாகனக்காரன்தான் பார்த்து விலத்திப் போகவேண்டும். அத்தான் பார்த்துத்தான் போனார். ரோட்டைக் கடந்து போன மாடு ஒன்று என்ன நினைத்ததோ, திரும்பி ஓடிவந்து காரின் இடப்பக்க முகத்தில் மோதியது. மாடு நொண்டாமல் நடந்து போய்விட்டது. காருக்குப் பம்பர் பிளந்து, முன் லைற் உடைந்து, அதற்குப் பின்னால் எஞ்சினுக்குக் காற்று எடுக்கிற கறுப்புப் பெட்டி இரண்டாக வெடித்திருந்தது.

அத்தான் என் அக்காவின் கணவர். பிள்ளைகள் இல்லை; இருவரும் இறக்கக்கண்டியில் இருந்தார்கள். அத்தான் முன்பு கடலுக்குப் போனவர். அக்காவின் சிறுநீரகம் இரண்டும் பழுதான பிறகு கடலை விட்டார், படகைக் கொடுத்தார், அந்தப் பழைய ஜப்பான் காரை எடுத்தார். செவ்வாயும் வெள்ளியும் அக்காவைத் திருகோணமலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், இரத்தம் சுத்திகரிக்கிற மெசினில் போடவேண்டும். மற்ற நாட்களில் ஹோட்டல்களுக்கு வருகிறவர்களை ஏற்றி இறக்குவார். மெசினால் எழும்பி வரும்போது அக்கா பிழிந்து போட்ட துணிபோல் இருப்பாள். அந்த நிலையில் அவளைப் பஸ்ஸில் ஏற்ற ஏலாது. பின் சீற்றில் கால் நீட்டிப் படுக்க இடம் வேண்டும். அந்தக் கார் ஓடும் வரைக்கும்தான் அக்கா என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். யாரும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை.

நான் மனையாவெளிக் கரையில் பைபர் படகுகள் பழுது பார்க்கிறவன். பம்பரை நானே ஒட்டித் தேய்த்து, எங்கே பிளந்தது என்று தெரியாமல் செய்து கொடுத்தேன். காற்றுப் பெட்டிதான் சிக்கலாயிற்று. அந்த வகைக் கார்கள் நாட்டுக்குள் வருவது நின்று சில வருடங்களாகியிருந்தன. கொழும்பில் பழைய சாமான் விற்கிறவர்கள் எல்லோரிடமும் அத்தான் விசாரித்துவிட்டார். எஞ்சின் இருக்கிறது, கதவு இருக்கிறது, சீற்றுக்கூட இருக்கிறது என்றார்கள். அந்தக் கறுப்புப் பெட்டி மட்டும் எங்கும் இல்லை. உடைந்த பெட்டியை ரேப் சுற்றிக் கட்டிக்கொண்டு அத்தான் மூன்று கிழமை, இருபது நாளுக்கு மேல், ஓடினார். எஞ்சின் தூசி குடித்தது.

கடைசியில் ஃபோனில் பார்த்து, வேறு கம்பனி செய்த வெளிச் சாமான் ஒன்றை வரவழைத்தார். பளபளக்கும் அலுமினியக் குழாய் ஒன்று, வளைந்த பிளாஸ்ரிக் துண்டு ஒன்று, கூம்பு மாதிரி ஒரு சிவப்பு பில்ற்றர், றப்பர் வளையங்கள், கிளிப்கள். வந்த அட்டைப் பெட்டியில் எங்கள் காரின் பெயரும் வருடமும் அச்சடித்துக் கிடந்தன. அத்தான் அதைக் கதிரையில் வைத்துவிட்டு நின்றார். கடலில் நிறைந்த வலையைப் பார்க்கிற முகம் அவருக்கு. அதற்குப் பிறகு அந்த முகத்தை நான் காணவில்லை.

துறைமுகப் பக்கம் கராஜ் வைத்திருக்கிற மெக்கானிக்கிடம் இருவரும் கொண்டுபோனோம். பாஸ் என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிடுவது. நிதானமான மனிதர். குழாயை எடுத்து எஞ்சினுக்கு மேலே பிடித்துப் பார்த்தார். அது நேரே போய் பிரேக் எண்ணெய்ப் போத்தலில் முட்டியது. இது ஸ்ரியறிங் இடப்பக்கம் உள்ள காருக்குச் செய்தது, வேறு நாட்டுக்காரருக்கு என்றார். பெயர் ஒன்றுதான், உள்ளே எல்லாம் மாறிக் கிடக்கும். அங்கே பற்றரி இருக்கிற இடத்தில் இங்கே வேறொன்று இருக்கும். திருப்பி அனுப்பிவிட்டுப் பழைய பெட்டியையே இன்னும் கொஞ்ச நாள் சமாளிக்கச் சொன்னார்.

எனக்கு முன்கோபம் அதிகம். ஏலாது என்று யாராவது சொன்னால், எனக்குத்தான் ஏலாது என்று சொன்னதாகக் காதில் விழும். பன்னிரண்டு முழப் படகை நடுவில் வெட்டி நீட்டிக் கொடுத்தவன் நான், ஒரு சாண் குழாயைப் பொருத்தத் தெரியாதா என்று அங்கேயே வாய் விட்டேன். பாஸ் என்னைப் பார்த்துச் சிரித்தார். "படகு வேற, இது வேற தம்பி" என்றார். அந்தச் சிரிப்பும் "தம்பி"யும் எனக்குப் பத்தியெரிந்தது. காரைப் படகு வேலை செய்கிற என் கொட்டிலுக்குக் கொண்டுவரச் சொன்னேன்.

இரண்டு பகல் அதில் கிடந்தேன். குழாயின் வாய் எஞ்சினின் வாயைவிட விரல் பருமன் பெரிது. கிளிப்பை எவ்வளவு இறுக்கினாலும் ஓரத்தால் காற்று சீறியது. உள்ளே பைபர் பூசித் தேய்த்து வாயைச் சிறிதாக்கினேன். காற்றை அளக்கிற சென்சர் அதன் குழியில் ஆடியது. றப்பர் வெட்டி வைத்து அமர்த்தினேன். தாங்கிப் பிடிக்கிற தகட்டின் துளைகள் ஒன்றுகூடக் காரின் துளைகளோடு ஒத்துவரவில்லை; வேறு தகடு அடித்தேன். எல்லாம் சரி என்று எஞ்சினுக்கு மேல் மூடுகிற பொனற்றை இறக்கினால் அது மூடவில்லை. குழாய் அரை அங்குலம் உயர்ந்து நின்றது.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. குழாயை வெட்டி, மேலே போகாமல் கீழே திருப்பி, வளைந்த பிளாஸ்ரிக் துண்டைப் பம்பருக்குப் பின்னால் இறக்கி, அதன் நுனியில் பில்ற்றரைப் பூட்டுவது. பற்றரியும் தடுக்காது, போத்தலும் தடுக்காது. கீழே குளிர்ந்த காற்று கிடைக்கும், எஞ்சினுக்கு நல்லது என்று அட்டைப் பெட்டியிலேயே எழுதியிருந்தது. வெட்டிய இடத்தைப் பைபரால் ஒட்டினேன். நான் செய்த ஒட்டுக்களில் அதைப்போல் ஒன்று இல்லை. தடவிப் பார்த்தால் கைக்கு ஒட்டுத் தெரியாது.

பூட்டுவதற்கு முன் அத்தான் அந்த வளைவுத் துண்டைக் கையில் எடுத்து, வழக்கப்படி வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தார். கடலுக்குப் போகிறவர்கள் எதையும் அப்படித்தான் பார்ப்பார்கள். வளைவின் அடிவயிற்றில் ஒரு பொட்டு வெளிச்சம் தெரிந்தது.

"மச்சான், உதில ஒரு ஓட்டை கிடக்கு. அடைச்சுப்போட்டுப் பூட்டு" என்றார்.

பென்சில் நுழைகிற அளவுத் துளை. விளிம்பு சுத்தமாக, வட்டமாக இருந்தது. உடைந்த துளை அப்படி இருக்காது. வேண்டுமென்று யாரோ போட்ட துளை என்று அந்த விளிம்பே சொல்லியது. அது என் கண்ணில் படாமல் இல்லை. ஆனால் ஓட்டையைக் கண்டால் என் கை சும்மா இராது. இருபது வருடமாக நான் செய்துவருவது அது ஒன்றைத்தான். எங்கள் கரையில் ஓட்டை என்றால் சாவு. எதற்கு இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு நிற்கிற பழக்கம் யாருக்கும் கிடையாது. ரெசின் குழைத்து அடைத்தேன். உள்ளும் புறமும் தேய்த்தேன். கறுப்பு மையும் பூசினேன்.

பிறகு படகைச் சோதிக்கிற மாதிரியே அதையும் சோதித்தேன். படகைக் கரையில் முட்டுக் கொடுத்து நிறுத்தி, உள்ளே தண்ணீர் ஊற்றிவிட்டு, அடியில் எங்கே சொட்டுகிறது என்று குனிந்து பார்ப்பது எங்கள் வழக்கம். அந்த வளைவை இரண்டு கல்லுக்கு நடுவில் வைத்து, வாய்வரை தண்ணீர் ஊற்றினேன். இருவரும் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பார்த்தோம். ஒரு சொட்டும் விழவில்லை. ஊற்றிய தண்ணீர் ஊற்றியபடி நின்றது. அத்தான் என் முதுகில் தட்டினார். எனக்கு அப்படி ஒரு பெருமை. அன்று நான் எதைச் சோதித்தேன் என்பதை இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

பொனற் மூடியது. எஞ்சின் கம்பீரமாக ஒரு சத்தம் போட்டது. அடுத்த செவ்வாய் ஆஸ்பத்திரியால் திரும்பும்போது கொட்டிலில் நிறுத்தச் சொல்லி, பின் சீற்றில் படுத்தபடியே அக்கா என்னைக் கூப்பிட்டாள். கார் இப்போது உன்னைமாதிரியே சத்தம் போடுகிறது, கொஞ்சம் குறைக்க வழியில்லையா என்று கேட்டாள். அவளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு சின்னப் பேணித் தண்ணீர்தான் அளவு. என் கொட்டிலில் பானையைக் கண்டால் அதைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள். அன்றும் அப்படித்தான் திரும்பியிருந்தாள்.

கார்த்திகையில் மழை பிடித்தது. விட்டு விட்டுப் பெய்யாமல், நாள் முழுக்க ஒரே தாளத்தில் ஊற்றுகிற மழை. இறக்கக்கண்டியில் இருந்து நகரம் வரைக்கும் ரோட்டின் பள்ளமெல்லாம் தண்ணீர். கார் காலையில் கொஞ்சம் இருமுகிறது என்று அத்தான் ஃபோனில் சொன்னார். பிரேக் அடிக்கும்போது முன்னால் ஏதோ குலுங்குகிற மாதிரிக் கேட்கிறதாம். கொண்டுவாருங்கள், திறந்து பார்ப்போம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மழையில் சென்சர் ஈரம் பிடித்திருக்கும், இரண்டு நாள் வெயில் எறித்தால் சரிவரும் என்றேன். மழை நாளில் பைபர் வேலை நடக்காது. நான் கொட்டிலில் சும்மாதான் இருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை அக்காவின் முறை காலை ஏழு மணிக்கு. தண்ணீர் நிற்குமென்று அத்தான் வெள்ளெனவே வெளிக்கிட்டார். நிலாவெளி தாண்டியதும் ரோட்டில் கணுக்காலளவு தண்ணீர். பெரிய வெள்ளம் இல்லை; அவருக்கு முன்னால் ஒரு ஓட்டோகூடப் போயிருக்கிறது. மெதுவாக இறங்கினாராம். பள்ளத்தில் முன் சக்கரம் குத்தியதும் எஞ்சினுக்குள் சம்மட்டியால் அடித்த மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான். சாவியைத் திருகினால் எஞ்சின் அசையவில்லை.

எனக்கு ஃபோன் வந்து நான் மோட்டார்சைக்கிளில் போய்ச் சேர ஒரு மணித்தியாலம் எடுத்தது. பஸ் இல்லை. ஓட்டோக்காரர்கள் தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். அக்கா பின் சீற்றில் நிமிர்ந்து இருந்தாள்; படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றாள். வயலுக்குப் போகிற உழவு இயந்திரம் ஒன்றை மறித்து, அதன் இழுவைப் பெட்டியில் வைக்கோல் போட்டு, மழைப் படங்கை இழுத்து மூடி அவளை ஏற்றினோம். அத்தான் அவளைத் தன் நெஞ்சோடு சாய்த்துப் பிடித்திருந்தார். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது நண்பகல் தாண்டிவிட்டது. அவளுடைய மெசினில் வேறொருவர் படுத்திருந்தார். அவரும் அவளைப்போல்தான், அவரை எழுப்ப முடியாது. ஆஸ்பத்திரிக்காரரில் பிழை இல்லை. மெசின்கள் அத்தனையும் ஓடிக்கொண்டிருந்தன. மருந்து கொடுத்து, அடுத்த நாள் காலை இடம் ஒதுக்கினார்கள். வார்ட்டிலும் கட்டில் இல்லை. என் வீட்டில் வைத்திருக்கலாம் என்றேன். மருந்தெல்லாம் வீட்டில் கிடக்கிறது என்று அக்கா பிடிவாதமாக அந்த உழவு இயந்திரத்திலேயே இறக்கக்கண்டிக்குத் திரும்பிப் போனாள். சனிக்கிழமை ரோட்டுக்குக் குறுக்கே மரம் விழுந்து, தண்ணீரும் இடுப்பளவு ஏறியது. ஞாயிறு மத்தியானம்தான் அவளைக் கொண்டுவர முடிந்தது. அப்போது உதடு நீலம் பாரித்திருந்தது. நெஞ்சுக்குள் தண்ணீர் கோத்துவிட்டது, இருதயமும் களைத்துவிட்டது என்றார்கள். ஒரு கிழமை அவசரப் பிரிவில் இருந்தாள்.

அந்தக் கிழமைக்குள் காரை பாஸின் கராஜுக்கு இழுத்துப் போயிருந்தார்கள். நான் போனபோது அவர் குழாயைக் கழற்றி மர வாங்கில் வைத்திருந்தார். அந்த வளைவைக் கையில் எடுத்துக் கவிழ்த்தார். பழுப்புத் தண்ணீர் ஒரு பேணியளவு கொட்டியது. மழைத் தண்ணீர் ஒரு நாளில் சேர்ந்ததில்லை, பில்ற்றரால் கொஞ்சம் கொஞ்சமாக ஊறி வந்து வயிற்றில் நின்றிருக்கிறது, பள்ளத்தில் குத்திய குலுக்கத்தில் பெரும்பங்கு ஒரேயடியாக எஞ்சினுக்குள் போய்விட்டது, இது மிச்சம் என்று விளங்கப்படுத்தினார். பிறகு நான் மை பூசிய இடத்தில் விரலை வைத்தார்.

"இது தண்ணி வடியிறதுக்கு வைச்ச ஓட்டை தம்பி. ஆரோ வடிவா அடைச்சிருக்கினம்."

யாரென்று அவருக்குத் தெரியும். அத்தானுக்கு இப்போது சொல்லவேண்டாம், நானே சொல்லிக்கொள்கிறேன் என்று கேட்டேன். அவர் அந்த வளைவை வாங்கில் திரும்ப வைத்தார். துணியில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

அக்கா வீட்டுக்கு வந்த பிறகு, அத்தான் கடைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து அவளிடம் சொன்னேன். துளையை அடைத்ததை, தண்ணீர் ஊற்றிச் சோதித்ததை, ஃபோனில் சென்சர் என்று கதைவிட்டதை, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்க முன்னமே எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் குசினிச் சுவரில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப காருக்கும் என்ரை வருத்தம்தான் வந்திருக்கு" என்றாள். "உள்ள போன தண்ணி வெளிய வர வழியில்லை."

சிரிக்கத்தான் பார்த்தாள், மூச்சு இடம் கொடுக்கவில்லை. பிறகு என் கையைப் பிடித்தாள்.

"இதை அத்தானிட்டச் சொல்லாத. நான் போன பிறகு அந்த மனுசனுக்கு நீ ஒருத்தன்தான். கோவத்தில உன்னையும் விட்டுட்டார் எண்டால், அவருக்கு ஆர் இருக்கினம்?"

நீங்கள் எங்கேயும் போகமாட்டீர்கள் என்று ஏதோ உளறினேன். சத்தியம் பண்ணச் சொன்னாள். பண்ணினேன்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் இருந்தாள். பக்கத்து வீட்டுக்காரரின் வான் வண்டியில் போய்வந்தாள். ஆனால் ஒவ்வொரு முறையும் மெசினில் போடும்போது இருதயம் தடுமாறியது. மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மெசினில் இருக்கும்போதே கண்ணை மூடினாள். அந்த ஒரு கிழமை வராமல் இருந்திருந்தால் எத்தனை வருடம் இருந்திருப்பாள் என்று டொக்டரிடம் கேட்கலாம் என்று இரண்டு முறை போய், கேட்காமலே திரும்பினேன்.

சத்தியம் பண்ணுவது லேசு. அதை வைத்துக்கொண்டு அத்தானுக்கு எதிரில் இருந்து சோறு சாப்பிடுவதுதான் கடினம். செத்தவீட்டுக்குப் பிறகு நான் ஒவ்வொரு பின்னேரமும் இறக்கக்கண்டிக்குப் போனேன். அக்கா சொன்னதற்காகப் போனேன், பாவத்துக்காகவும் போனேன். அவர் என் முகத்தைப் பார்த்துக் கதைப்பது குறைந்துகொண்டே வந்தது. சாப்பாட்டைப் போட்டு வைத்துவிட்டு வாசலுக்குப் போய்விடுவார். பாஸ் சொல்லிவிட்டார், அத்தானுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, வெளியே போ என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன். அவர் கன்னத்தில் அறைந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த அடுத்த கிழமை, ஒரு காலை நேரம் அத்தான் பஸ்ஸில் வந்து கொட்டில் வாசலில் இறங்கினார். கையில் பழைய உரப் பை. அதற்குள்ளிருந்து அந்த வளைவை எடுத்து என் முன்னால் வைத்தார். நான் எழும்பி நின்றேன். இனி நடப்பது நடக்கட்டும் என்றிருந்தது.

அவர் அழத் தொடங்கினார். அக்காவை எரித்த அன்றுகூட அவர் அப்படி அழவில்லை.

"நான்தானே மச்சான் அடைக்கச் சொன்னனான்" என்றார். "நீ பாட்டுக்குப் பூட்டியிருப்பாய். நான்தான் வெயிலில பிடிச்சுப் பார்த்துக் காட்டினனான். நீ கராஜுக்குப் போறதுக்கு முதல் நாளே பாஸ் எனக்கு எல்லாம் சொல்லிப்போட்டார்."

காட்டியது அவர் என்பதை இத்தனை மாதமும் நான் ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. அடைத்த கை என்னுடையது. அதற்கு மேல் என் நினைவு போகவே இல்லை.

"உன்ரை கொக்காவிட்டச் சொன்னனான்" என்றார். "அவதான், தம்பிக்குச் சொல்லாதேங்கோ, அவனுக்குக் கோவம் வந்தால் வீட்டுப்பக்கம் வரமாட்டான், நான் போன பிறகு உங்களுக்கு அவன் ஒருத்தன்தான் எண்டு சத்தியம் வாங்கினவ. உன்ரை முகத்தைப் பார்க்க ஏலாமல் இருந்தது மச்சான்."

நானும் சொன்னேன். என்னிடமும் அதே சத்தியத்தை வாங்கினாள் என்று சொன்னேன். அவர் அழுகையை நிறுத்தி என்னைப் பார்த்தார். இருவரும் அந்தக் கறுப்புத் துண்டுக்கு இரண்டு பக்கமும் மண்ணில் இருந்தோம். கரையில் யாரோ எஞ்சினைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அக்காவின் மேல்தான் கோபம் வந்தது. ஒருவருக்கொருவர் தெரியாமல் இரண்டு பேரையும் கட்டிப்போட்டுவிட்டுப் போய்விட்டாளே என்று வந்தது. அந்தக் கோபம் நிற்கவில்லை. அவள் அப்படிக் கட்டியிராவிட்டால் அந்த மூன்று மாதத்தில் ஒருவரை ஒருவர் என்ன செய்திருப்போம் என்று எனக்குத் தெரியும்.

அத்தான் முகத்தைத் துடைத்துவிட்டு, அந்த ஓட்டையைத் திறந்துவிடு என்றார். காரை பாஸ் அப்போதே துண்டு துண்டாகக் கழற்றி விற்றுவிட்டார். அந்த வளைவைப் பூட்ட இனி எஞ்சின் இல்லை, செவ்வாயும் வெள்ளியும் ஏற்றிப்போக ஆளும் இல்லை. எதற்கு என்று நான் கேட்கவில்லை. துளைக்கிற மெசினை எடுத்து, மை பூசிய இடத்தைக் கையால் தடவிக் கண்டுபிடித்து, வைத்து அமர்த்தினேன்.

அரை நிமிடம்கூட எடுக்கவில்லை.